விழக் கற்றுத் தருகிறார்கள்!

வாழைப்பழத் தோலில் வழுக்கி ஒருவர் விழுந்தால் பார்ப்பவர்கள் சிரிக்கிறார்கள். விழுந்தவருக்கோ இடுப்பு வலிக்கிறது. கோமாளி தினமும் விழுகிறார். மறுநாளும் எழுந்து வந்து விழுகிறார். எப்படி?

அவர் விழக் கற்றவர்!

சத்தியமங்கலத்தில் ஒரு பையன், "நான் கோமாளி வித்தை படிக்கப் போகிறேன்" என்று சொன்னால் வீட்டில் என்ன நடக்கும்? "ஏஞ் சாமி, கோமாளி வேசங் கட்டுனா சோறு கெடைக்குமா?" என்று ஆத்தா கேட்பார். நியாயமான கேள்விதான்.

பதில் அதே கொங்கு நாட்டில் இருக்கிறது.

தாராபுரத்துக்காரர்

நாகேஷ் 1933-ம் ஆண்டு தாராபுரத்தில் பிறந்தவர். ஒல்லி உடம்பு. முகத்தில் அம்மைத் தழும்பு. சென்னையில் ரெயில்வே உத்தியோகம்.

அங்கே நடந்த நாடகத்தில் அவருக்குக் கிடைத்தது வயிற்றுவலிக்காரன் வேடம். வந்து போகிற சின்ன வேடம். ஆனால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவர் வளைந்தார், நெளிந்தார், துடித்தார். சபை சிரித்தது. தலைமை தாங்கிய எம்.ஜி.ஆர். அவரைப் பாராட்டிப் பரிசு கொடுத்தார்.

பிறகு சினிமா. 1964-ல் "சர்வர் சுந்தரம்". 1965-ல் "திருவிளையாடல்" தருமி. 1994-ல் வந்த "மகளிர் மட்டும்" படத்தில் அவருக்குப் பிணம் வேடம்! வசனம் கிடையாது. அசையவும் கூடாது. மற்றவர்கள் சாய்த்த பக்கம் சாய்வதுதான் நடிப்பு. அதற்கும் ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். 2009-ல் அவர் காலமானார்.

நாகேசுக்கு மேடையே பள்ளிக்கூடம். அவருக்கு முந்திய தலைமுறைக்குப் "பாய்ஸ் கம்பெனி" இருந்தது. சிறுவர்களைச் சேர்த்து, சோறு போட்டு, பாட்டும் ஆட்டமும் கற்றுக் கொடுத்தார்கள். கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் டி.கே.எஸ். சகோதரர்களின் கம்பெனியில் வளர்ந்தவர். சினிமா வந்தது. கம்பெனிகள் மறைந்தன.

இன்று எங்கே படிப்பது?

சென்னையில் 1977-ல் ந.முத்துசாமி "கூத்துப்பட்டறை"யைத் தொடங்கினார். தெருக்கூத்து, சிலம்பம் எல்லாம் அங்கே நடிகர்களின் பாடம். நடிகர் பசுபதி அங்கே பயின்றவர். அங்கே கணக்கு எழுதப் போய், நடிப்பைப் பார்த்துப் பார்த்து நடிகரானவர் விஜய் சேதுபதி!

புதுவைப் பல்கலைக்கழகத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரால் நிகழ்கலைப் பள்ளி இருக்கிறது. டில்லியில் 1959-ல் ஏற்பட்ட தேசிய நாடகப் பள்ளி இருக்கிறது. அமெரிக்காவில் ஒரு சர்க்கஸ் கம்பெனி 1968-ல் கோமாளிகளுக்கென்றே கல்லூரி திறந்தது. 1997-ல் அதை மூடிவிட்டார்கள்.

அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்குத் தெருக்கூத்து இருக்கிறது. அதில் கட்டியங்காரன் முதலில் வருவான். ராஜாவையே கேள்வி கேட்பான். விடிய விடியத் தூங்குகிறவர்களை எழுப்பிச் சிரிக்க வைப்பான். கூத்து வாத்தியாரிடம் கேட்டால் அடவு முதல் பாடம் ஆரம்பமாகும். அரிதாரம் பூசுவதெல்லாம் பிறகுதான்.

காலிக் குடம், நிறைகுடம்

பேசாமல் நடிப்பதற்கு ஒரு பயிற்சி உண்டு. வீட்டிலேயே செய்யலாம். கையில் ஒன்றும் இல்லாமல் கிணற்றில் தண்ணீர் சேந்த வேண்டும். காலி வாளி லேசாக இறங்க வேண்டும். நிறைந்த வாளி ஏறும்போது தோள் இறங்கி, முழங்கால் மடங்கி, மூச்சு இறுக வேண்டும். கயிற்றைப் பிடித்த கை அந்தரத்தில் ஆடக் கூடாது. ஆடினால் கயிறு காணாமல் போய்விடும்! தினமும் தண்ணீர் சேந்திய பாட்டிமார் இதற்கு நல்ல பரீட்சை அதிகாரிகள்.

விழுவதற்கும் முறை இருக்கிறது. நின்றபடி மரம் போல விழக் கூடாது. முழங்காலை மடக்கி, உட்காருவது போல இறங்கி, மோவாயை நெஞ்சோடு ஒட்டி, தோளைச் சாய்த்து உருள வேண்டும். கையை ஊன்றினால் மணிக்கட்டு முறியும். புதிதாகப் பழகுகிறவர்கள் சிமெண்டுத் தரையில் விழக் கூடாது. தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் நிற்க, கனமாக வைக்கோல் பரப்பி அதன் மேல்தான் விழ வேண்டும்.