கைத்தொலைபேசியும் சிறுதொழிலின் கைமுதலும்

மண்முனைத் துறையில் 2014 ஆம் ஆண்டு பாலம் திறக்கப்படும் வரை, படுவான்கரை மக்கள் அவ்விடத்தில் வாவியைக் கடக்கப் பாதைப் படகையே நம்பியிருந்தனர். பாலம் வந்தபின் தயிர்ச் சட்டியும் நெல் மூடையும் விரைவாக மறுகரை சேர்கின்றன. ஆனால் வெளியூர்க் கம்பனிகளின் பொருட்களும் அதே பாலத்தால் எமது கடைகளுக்கு வருகின்றன. இன்று எமது கையில் உள்ள தொலைபேசியும் இத்தகைய ஒரு பாலமே. இடம்பெயர்ந்து, மீண்டும் ஒரு சிறுதொழிலைத் தொடங்கும் குடும்பத்துக்கு இதனால் நன்மையா, நட்டமா? இந்தியாவில் நடந்த இரு ஆய்வுகள் இதற்கு விடை தருகின்றன.

கேரளத்தின் வடகரையில் 1997 ஜனவரி 14 ஆம் திகதி காலை, 11 மீனவர்கள் வாங்க ஆளின்றித் தமது சாளை மீனை வீசிவிடும் நிலையில் இருந்தனர். அதே வேளையில், 15 கிலோமீற்றருக்குள் இருந்த சந்தைகளில் 27 பேர் வாங்க மீனின்றி நின்றனர். அடுத்த சில ஆண்டுகளில் அக்கரையோரத்தில் கைத்தொலைபேசி பரவியது. மீனவர்கள் கடலில் இருந்தபடியே விலையைக் கேட்டறிந்து, ஏற்ற துறைக்குப் படகைச் செலுத்தினர். முன்பு பிடிபட்ட மீனில் 5 முதல் 8 வீதம் வரை வீணாகியது. பின்பு அது அநேகமாக இல்லாது போயிற்று. மீனவரின் இலாபம் 8 வீதம் கூடியது. வாங்குவோருக்கு விலை 4 வீதம் குறைந்தது. பொருளியலாளர் ரொபேட் ஜென்சன் 2007 இல் இதனை வெளியிட்டார்.

மற்றைய ஆய்வு மகாராஷ்டிரத்தின் 100 கிராமங்களில் நடைபெற்று, 2012 இல் வெளியானது. அங்கு விவசாயிகளுக்குச் சந்தை விலைகள் குறுஞ்செய்தியாக அனுப்பப்பட்டன. ஆயினும் அவர்கள் பெற்ற விலை குறிப்பிடத்தக்க அளவு கூடவில்லை.

விலையை அறிவது வேறு. அந்த விலைக்கு விற்க இயலுவது வேறு. இதனை எமது ஊரிலேயே காணலாம். விதைப்புக் காலத்தில் முதலாளியிடம் முற்பணம் வாங்கிய குடும்பம், அறுவடையில் அவர் சொல்லும் விலைக்கே நெல்லைக் கொடுக்க நேரிடுகிறது. சந்தை விலை தொலைபேசியில் தெரிந்தாலும் கை கட்டப்பட்டிருக்கிறது. எனவே தொலைபேசியுடன் பின்வருவனவும் வேண்டும்.

1. முற்பணத்திலிருந்து விடுபடுதல். அடுத்த போகத்துக்கான விதை, பசளைச் செலவில் ஒரு பகுதியையேனும் சங்கச் சேமிப்பில் இட்டு வைத்தால், விளைவை விற்கும் உரிமை எம்மிடம் இருக்கும்.

2. சேர்ந்து விற்றல். நகருக்குச் செல்லும் வாகன வாடகை 3,000 ரூபா என வைத்துக்கொள்வோம். ஒரு குடும்பம் 6 சட்டித் தயிரைத் தனியே கொண்டுசென்றால் ஒரு சட்டிக்குச் செலவு 500 ரூபா. பத்துக் குடும்பங்கள் 60 சட்டிகளைச் சேர்த்து அனுப்பினால் 50 ரூபா. ஒருவர் தொலைபேசியில் கட்டளைகளைப் பெறலாம். பத்துப் பேரும் பயன்பெறலாம்.

3. தரத்தில் போட்டியிடுதல். மலிவில் பெரிய கம்பனியை வெல்வது கடினம். எருமைப் பாலில் உறைந்த தயிர், மண் ஒட்டாத கருவாடு, சொன்ன நாளில் ஒப்படைப்பு ஆகியவற்றால் வெல்லலாம்.

4. பணத்தைக் காத்தல். 2012 முதல் எமது நாட்டில் கைத்தொலைபேசி வழியாகப் பணம் அனுப்பும் வசதி உண்டு. 2022 இல் எரிபொருள் வரிசையில் கியூ.ஆர். அட்டையைக் காட்டிப் பழகிய எமக்கு, வாடிக்கையாளரிடம் அவ்வாறே பணம் பெறுவது கடினமன்று. ஆனால் தொலைபேசிக்கு வரும் இரகசிய இலக்கத்தை, வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்பவருக்கும் கொடுக்கலாகாது. சில நிமிடங்களில் கிடைக்கும் கடனுக்காக அடையாள அட்டைப் படத்தை அனுப்பும் முன், மொத்தம் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும் எனக் கேட்டறியுங்கள்.

5. கணக்கும் இலக்கங்களும் எழுதி வைத்தல். வாடிக்கையாளரின் பெயர், தொலைபேசி இலக்கம், வரவு, செலவு, நிலுவை ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதுங்கள். தொலைபேசி தொலைந்தாலும் கொப்பி இருக்கும். கொப்பியைப் படம் பிடித்து ஓர் உறவினருக்கு அனுப்பி வையுங்கள்.

இறுதியாகச் சொன்னது எமக்கு மிக முக்கியமானது. 1990 இல் யுத்தத்தாலும், 2004 இல் சுனாமியாலும், 2006, 2007 இல் மீண்டும் யுத்தத்தாலும் இம்மாவட்ட மக்கள் இடம்பெயர்ந்தனர். வயலையும் மாட்டையும் தூக்கிச் செல்ல முடியவில்லை. தொழில் அறிவையும் வாங்குவோரின் நம்பிக்கையையும் கொண்டுசெல்லலாம். வாங்குவோரின் இலக்கங்கள் கையில் இருந்தால், கொட்டிலில் இருந்தபடியும் தொழிலை மீளத் தொடங்கலாம். இம்மாதச் சங்கக் கூட்டத்தில் இரு கேள்விகளைப் பேசிப் பாருங்கள்: எமது பொருளின் விலையை இன்று யார் தீர்மானிக்கிறார்? நாளை நாம் வேறிடம் செல்ல நேர்ந்தால், எமது வாடிக்கையாளர் எம்மை எப்படிக் கண்டுபிடிப்பார்?