சின்னக் கம்ப்யூட்டருக்கு எந்த பவர் சப்ளை?

மேஜை ஓரத்தில் அடங்கிவிடும் சின்னக் கம்ப்யூட்டரை வீட்டிலேயே பூட்டப்போகிறீர்களா? பவர் சப்ளையைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள்.

வீட்டுக்கு வரும் 230 வோல்ட் மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட்டாக மாற்றிக் கொடுப்பது இதுதான். கடைக்காரர் "எஸ்.எம்.பி.எஸ்." என்பார்.

முதலில் அளவு. வழக்கமான ஏ.டி.எக்ஸ். ரகம் 15 சென்டிமீட்டர் அகலம். சின்னப் பெட்டிகள் பலவற்றில் அது நுழையாது. எஸ்.எப்.எக்ஸ். ரகம் 12½ சென்டிமீட்டர்தான். விலை கொஞ்சம் கூடுதல். என்ன செய்வது!

எத்தனை வாட் வேண்டும்? பிராசசருக்கு 90, நடுத்தர கிராபிக்ஸ் கார்டுக்கு 115, மற்றவற்றுக்கு 50. ஆக 255. நல்ல 450 வாட் தாராளமாகப் போதும்.

பழைய பவர் சப்ளையின் வயர்கள் வீட்டில் கிடக்கின்றனவா? புதியதில் அவற்றைச் செருகவே செருகாதீர்கள். முனை பொருந்தும். ஆனால், கம்பிகளின் வரிசை மாறியிருக்கலாம். 5 வோல்ட் போகவேண்டிய இடத்தில் 12 வோல்ட் பாயும். ஹார்டு டிஸ்க் கருகிவிடும். குழந்தையின் முதல் பிறந்தநாள் படங்கள் அதில்தானே இருக்கின்றன?

பவர் சப்ளையைத் திறந்தும் பார்க்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும்.