மின்பகு மின்தேக்கியின் தலைகீழ் இணைப்பு

மின்பகு மின்தேக்கி என்பது நேர்முனை, எதிர்முனை என்னும் வேறுபாடு கொண்ட மின்தேக்கி வகையாகும். மின்வழங்கிகளில் அலைதிருத்தியிலிருந்து வரும் ஏற்ற இறக்கமான மின்னழுத்தத்தைச் சீராக்க இது பயன்படுகிறது. மின்தடையம், பீங்கான் மின்தேக்கி ஆகியவற்றை எந்தப் பக்கமாகத் திருப்பி இணைத்தாலும் கேடில்லை. மின்பகு மின்தேக்கியின் முனைகளை மாற்றி இணைத்தால் அது சூடாகி, வீங்கி, வெடிக்கவும் கூடும். இதற்கான காரணம் அதன் உள்ளமைப்பில் உள்ளது.

அமைப்பு

அலுமினிய மின்பகு மின்தேக்கியின் உறைக்குள் இரண்டு மெல்லிய அலுமினியத் தகடுகள், மின்பகுளியில் நனைத்த தாளுடன் சேர்த்துச் சுருட்டி வைக்கப்பட்டுள்ளன. நேர்முனைத் தகட்டின் மீது மின்வேதி முறையில் அலுமினியம் ஆக்சைடு படலம் வளர்க்கப்படுகிறது. மின்காப்புப் பொருளாகச் செயல்படுவது இப்படலமே. மின்பகுளியே உண்மையான எதிர்முனை. இரண்டாவது தகடு அதற்கு மின்தொடர்பு மட்டும் தருகிறது.

படலத்தின் தடிமன், அதை வளர்க்கப் பயன்படுத்திய மின்னழுத்தத்தில் ஒரு வோல்ட்டுக்குச் சுமார் 1.4 நானோமீட்டர் ஆகும். இவ்வளவு மெல்லியதாக இருப்பதால்தான் சிறிய உறைக்குள் பெரிய மின்தேக்குத்திறன் கிடைக்கிறது. சரியான திசையில் மின்னழுத்தம் இருக்கும்போது, படலத்தில் ஏற்படும் சிறு பழுதுகளின் மேல் புதிய ஆக்சைடு உருவாகி, படலம் தன்னைத்தானே சீராக்கிக்கொள்கிறது.

தலைகீழாக இணைத்தால் நிகழ்வன

திசை மாறும்போது ஆக்சைடு படலம் மின்காப்புத் தன்மையை இழக்கிறது. எதிர்முனைத் தகட்டின் மீது காற்றுபட்டு இயல்பாக உருவான மிக மெல்லிய ஆக்சைடு, சுமார் 1 முதல் 1.5 வோல்ட் வரை மட்டுமே தாங்கும். அதற்கு மேல் மின்தேக்கி வழியாக மின்னோட்டம் பாயத் தொடங்குகிறது.

மாணவர்கள் முதலில் செய்யும் எளிய மின்வழங்கி ஒன்றை எடுத்துக்கொள்வோம். 12 வோல்ட் மின்மாற்றி, நான்கு டையோடுகளாலான பால அலைதிருத்தி, 1000 மைக்ரோபாரட் 25 வோல்ட் மின்தேக்கி ஆகியவை அதில் உள்ளன. 12 வோல்ட்டின் உச்ச மதிப்பு சுமார் 17 வோல்ட். டையோடுகளில் ஏற்படும் இழப்பு போக, மின்தேக்கிக்கு 15 வோல்ட்டுக்கு மேல் கிடைக்கும். அது தலைகீழாக இருந்தால் பின்வருவன நிகழும்:

1. மின்னோட்டம் மின்தேக்கியைச் சூடாக்குகிறது. சூடு ஏற ஏற மின்னோட்டமும் கூடுகிறது.
2. மின்பகுளி ஆவியாகிறது, மின்னாற்பகுப்பால் ஐதரசன் வளிமமும் உருவாகிறது.
3. உள்ளழுத்தம் கூடி, உறையின் மேற்பகுதி வீங்குகிறது.
4. மேற்பகுதியில் உள்ள கீறல் கோடுகள் பிளந்து, சூடான மின்பகுளியும் அதன் வெண்ணிற ஆவியும் பீறிடுகின்றன.

இக்கீறல்கள் அழுத்தம் வெளியேறுவதற்காகவே இடப்பட்டவை. மிகச் சிறிய மின்தேக்கிகளில் அவை இருப்பதில்லை. அவற்றில் அடியிலுள்ள இரப்பர் அடைப்பிலிருந்து உறை கழன்று பறக்கும். மின்தேக்கி குறுக்குச்சுற்றானால் உருகி எரியும். உருகி இல்லாவிடில் டையோடுகளோ மின்மாற்றியோ பழுதாகலாம்.

டாண்டலம் மின்தேக்கி

திண்ம டாண்டலம் மின்தேக்கியில் தலைகீழ் இணைப்பு தீயையே உண்டாக்கலாம். இதன் மின்காப்பு டாண்டலம் ஆக்சைடு. எதிர்முனை பெரும்பாலும் மாங்கனீசு டைஆக்சைடு. படலம் உடைந்து வெப்பம் மிகும்போது மாங்கனீசு டைஆக்சைடு சிதைந்து ஆக்சிசனை வெளியிடுகிறது. அந்த ஆக்சிசனில் டாண்டலம் தீப்பற்றி எரிகிறது. எரிவதற்கான பொருளும் ஆக்சிசனும் ஒரே உறைக்குள் இருப்பதே இதன் ஆபத்து.

தவறு நேரும் இடங்கள்

அலுமினிய மின்தேக்கியின் உறையில் உள்ள பட்டை எதிர்முனையைக் குறிக்கும். பலகையின் மேற்பரப்பில் பற்றவைக்கும் டாண்டலம் மின்தேக்கியில் பட்டை நேர்முனையைக் குறிக்கும். ஒன்றில் பழகியவர் மற்றொன்றில் தவறுவது இயல்பே. புதிய மின்தேக்கியில் நீளமான கம்பி நேர்முனை. கம்பியை வெட்டிய பின் இந்த அடையாளம் பயன்படாது.

"எதிர்முனை எப்போதும் புவியிணைப்புக்கே" என்ற பழக்கமும் தவறுக்கு இட்டுச்செல்லும். −5 வோல்ட், −12 வோல்ட் போன்ற எதிர்மின்னழுத்தத் தடங்களில் புவியிணைப்பின் மின்னழுத்தமே உயர்ந்தது. அங்கு மின்தேக்கியின் நேர்முனையைப் புவியிணைப்புடன் சேர்க்க வேண்டும்.

ஆலையிலும் இத்தவறு நேர்ந்துள்ளது. 1993இல் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட மேக்கின்டாசு எல்சி III கணினியின் பலகையில், −5 வோல்ட் தடத்திலுள்ள மின்தேக்கியின் முனைக்குறி தலைகீழாக அச்சிடப்பட்டிருந்தது. மின்தேக்கியும் அவ்வாறே பொருத்தப்பட்டது. அது 16 வோல்ட் அலுமினிய மின்தேக்கி. தலைகீழ் மின்னழுத்தம் 5 வோல்ட் மட்டுமே என்பதால் உடனே வெடிக்கவில்லை. பழைய கணினிகளைப் பழுதுபார்ப்போர் அச்சிட்ட குறியை நம்பி அங்கு டாண்டலம் மின்தேக்கியை வைத்தால் ஆபத்து மிகும்.

முன்னெச்சரிக்கைகள்

• பற்றவைக்கும் முன், அவ்விடத்தின் இரு புள்ளிகளில் எது உயர் மின்னழுத்தம் பெறும் என்பதைச் சுற்றுப்படத்தில் பார்த்து உறுதிசெய்ய வேண்டும்.
• புதிதாகச் செய்த மின்வழங்கியை முதன்முறை இயக்கும்போது, மின்மாற்றியின் முதன்மைச் சுற்றில் ஒரு குண்டு பல்பைத் தொடரிணைப்பில் சேர்க்கலாம். பல்பு தொடர்ந்து பிரகாசமாக எரிந்தால் சுற்றில் கோளாறு உள்ளது.
• முதல் இயக்கத்தின்போது பாதுகாப்புக் கண்ணாடி அணிய வேண்டும். பலகைக்கு நேர்மேலே முகத்தைக் கொண்டுசெல்லக் கூடாது.
• வீங்கிய மின்தேக்கியை உடனே தொடக் கூடாது. மின்சாரத்தைத் துண்டித்து, ஆறவிட்டு, மின்னூட்டம் இறங்கியதைப் பல்அளவி கொண்டு சோதிக்க வேண்டும். 230 வோல்ட் மின்சாரத்தை நேரடியாகத் திருத்தும் மின்வழங்கிகளில் மின்தேக்கியின் மின்னழுத்தம் சுமார் 325 வோல்ட் வரை இருக்கும்.
• தலைகீழாக இயங்கிய மின்தேக்கி வெளியே நன்றாகத் தெரிந்தாலும் அதைத் திருப்பி வைத்துப் பயன்படுத்தக் கூடாது. அதன் படலம் நலிந்திருக்கும். பின்னொரு நாள், சரியான இணைப்பிலேயே பழுதாகலாம்.