குடியை விட்ட பிறகு வராத தூக்கம்

குடியை நிறுத்தியவருக்குக் கை நடுக்கமும் வியர்வையும் பெரும்பாலும் ஒரு வாரத்தில் அடங்கிவிடும். தூக்கம் அவ்வளவு சீக்கிரம் திரும்புவதில்லை. படுத்து ஒரு மணி நேரத்துக்கு மேலாகியும் கண் மூடாது. மூடினாலும் இரண்டு மணிக்கெல்லாம் விழிப்புத் தட்டிவிடும். இது வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில்கூட நீடிக்கும். நடுக்கம் நின்றதுமே 'ஆள் தேறிவிட்டார்' என்று வீட்டார் நிம்மதி அடைகிறார்கள். மீண்டும் குடிக்கத் தூண்டும் ஆபத்தான காலமே அப்போதுதான் தொடங்குகிறது.

மது தூங்க வைப்பது உண்மைதான், ஆனால் பாதி இரவுக்கு மட்டும். மூளையை அமைதிப்படுத்தும் காபா என்ற வேதிப்பொருளின் வேலையை அது கூட்டுகிறது. கிளர்ச்சியூட்டும் குளூட்டமேட்டின் வேலையைக் குறைக்கிறது. நாள்தோறும் குடித்தால் மூளை அதற்கு ஈடுகொடுக்கத் தன்னை எதிர்த்திசையில் மாற்றிக்கொள்ளும். மது திடீரென்று நின்றதும் கிளர்ச்சி மட்டும் மிஞ்சும். ஆழ்ந்த உறக்கம் குறையும். அதுவரை அமுங்கிக் கிடந்த கனவு உறக்கம் பொங்கி எழும். குடிப்பதுபோலவே கனவு வந்து, உண்மையில் குடித்துவிட்டோமோ என்ற குற்ற உணர்வோடு பதறி எழுபவர்கள் பலர். அது மனம் தடுமாறியதற்கு அடையாளம் அல்ல. குடியை விட்டவர்களுக்குச் சாதாரணமாக வருவதுதான்.

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கிர்க் பிரோவர் குழுவினர் 2001இல் வெளியிட்ட ஆய்வு, சிகிச்சைக்குப் பின் சராசரியாக 5 மாதம் 74 பேரைக் கவனித்தது. தொடக்கத்தில் தூக்கமின்மை இருந்தவர்களில் 60 சதவீதத்தினர் மீண்டும் குடித்தார்கள். அது இல்லாதவர்களில் 30 சதவீதத்தினர். சிறிய ஆய்வுதான், ஆனால் விகிதம் இரு மடங்கு.

சேலம் மாவட்டத்து மேட்டூர் போன்ற ஊரில் இதோடு ஷிப்ட் வேலையும் சேர்ந்துகொள்கிறது. அனல் மின் நிலையமும் ரசாயன ஆலைகளும் இரவில் நிற்பவை அல்ல. நைட் ஷிப்ட் முடிந்து காலையில் வீடு திரும்புபவர் வெளிச்சத்திலும் தெருச் சத்தத்திலும் புரண்டுகொண்டே கிடந்தால், பகல் 12 மணிக்கு டாஸ்மாக் திறந்துவிடும். 'ஒரு கட்டிங் மட்டும், தூங்கத்தான்' என்ற பேச்சு அங்கேதான் பிறக்கிறது. 1937 அக்டோபர் 1 அன்று சென்னை மாகாணத்தில் முதன்முதலாக ராஜாஜி மதுவிலக்கைக் கொண்டுவந்தது இதே சேலம் மாவட்டத்தில்தான். ஆனால் கடை மூடியிருந்தாலும், குடித்துப் பழகிய மூளை தூக்கத்துக்குத் திரும்பத் தனிக் காலம் வேண்டும்.

மெடிக்கலில் தாமாகவே தூக்க மாத்திரை கேட்டு வாங்குவதுதான் பலர் செய்யும் தவறு. குடி நிறுத்தும் முதல் நாட்களில் வலிப்பு வராமலிருக்க மருத்துவர் தரும் குளோர்டயாசிபாக்சைடு போன்ற மாத்திரைகள் சில நாட்களில் படிப்படியாகக் குறைக்கப்படும். தொடர்ந்து போட்டால் அவையே அடுத்த அடிமைப்பழக்கம்; மதுவோடு சேர்ந்தால் மூச்சு அடங்கவும் கூடும். டைசல்பிராம் என்ற மாத்திரை குடிக்கவிடாமல் தடுக்கும், தூக்கம் தராது.

நல்ல பலன் தருவது தூக்கத்துக்கான நடத்தைச் சிகிச்சை. எப்போது தூங்கினாலும் ஒரே நேரத்தில் எழ வேண்டும். இருபது நிமிடம்போல் தூக்கம் வராவிட்டால் பாயை விட்டு எழுந்துவிட வேண்டும். விட்ட தூக்கத்தைப் பகலில் ஈடுகட்டக் கூடாது. இந்தச் சிகிச்சையின் முதல் வாரத்தில் தூக்கம் இன்னும் மோசமாகலாம் என்பதை முன்பே சொல்லி வைப்பது நல்லது. இல்லாவிட்டால் பாதியில் கைவிட்டுவிடுவார்கள். குடியை விட்டவர் அதன் இடத்தில் டீயையும் பீடியையும் கூட்டுவது வழக்கம். இரண்டுமே தூக்கத்தைக் கெடுக்கும்; மாலைக்குப் பிறகாவது அவற்றைக் குறைக்க வேண்டும். பலமாகக் குறட்டை விட்டு இடையில் மூச்சு நிற்பவருக்குச் சிகிச்சையே வேறு.

சுழல் ஷிப்டில் இருப்பவர் ஒரே நேரத்தில் எழுவது முடியாது. முதல் சில மாதங்களுக்கு ஜெனரல் ஷிப்ட் கிடைக்க மருத்துவரிடம் சான்று கேட்கலாம். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. இரவில் பேச 2022இல் தொடங்கிய டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. பல ஆண்டுகள் தினமும் குடித்தவர் வீட்டிலேயே திடீரென்று நிறுத்தக் கூடாது. நிறுத்திய இரண்டு முதல் நான்கு நாட்களுக்குள் தூக்கமின்மையோடு பிதற்றலும் இல்லாத உருவங்கள் தெரிவதும் தொடங்கினால், அது உயிருக்கே ஆபத்தான நிலை. உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.