பழைய கணனியைக் கைவிடுவதற்கு முன்

வீட்டுக்குப் புதிய ஃபைபர் இணைப்பு வழங்கப்படுகின்றது. பல வருடங்களாகச் சுவரில் இருந்த பழைய ரவுட்டர் அகற்றப்பட்டு, நான்கு கொம்புகள் முளைத்தாற்போன்ற புதியதொன்று அவ்விடத்தில் பொருத்தப்படுகின்றது. பொருத்த வந்தவர் தமது கைத்தொலைபேசியில் இணையத்தின் வேகத்தை அளந்து காட்டிவிட்டு, கையொப்பமும் பெற்றுக்கொண்டு விடைபெறுகின்றார். அன்று மாலை வீட்டிலுள்ள பழைய மடிக்கணனியைத் திறந்தால், புதிய வலையமைப்பின் பெயரே அதன் பட்டியலில் தென்படுவதில்லை. அல்லது பெயர் தென்பட்டாலும், சரியான கடவுச்சொல்லைக் கொடுத்த பின்னரும் இணைய மறுக்கின்றது. விசாரித்தால் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றேயாகும்: கணனி பழையது, புதிதாக ஒன்றை வாங்குங்கள்.

இந்த ஆலோசனையை வழங்குவது இலகுவானது. ஏற்பவர்களின் நிலை வேறு. 2019ஆம் ஆண்டளவில் எமது நாட்டின் வீடுகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கிலேயே கணனி இருந்ததாகத் தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களத்தின் மதிப்பீடுகள் காட்டின. 2020 மார்ச்சில் கொவிட் தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, பிள்ளைகளின் படிப்பு தடைப்படக்கூடாதென்று எத்தனையோ பெற்றோர் கடன்பட்டேனும் பாவித்த மடிக்கணனிகளை வாங்கினர். 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலரின் பெறுமதி அவ்வாண்டு மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. பழைய பெறுமதிக்கு ரூபா இன்னமும் மீளவில்லை. இறக்குமதிப் பொருளான கணனியின் விலை அதனோடு எங்கே சென்றது என்பதை விளக்க வேண்டியதில்லை. இந்நிலையில், நன்றாக இயங்கிக்கொண்டிருக்கும் ஒரு கணனியை ரவுட்டர் மாறிய காரணத்துக்காக மட்டும் மூலையில் போடச் சொல்வது பொறுப்பற்ற ஆலோசனை என்றே நாம் கருதுகின்றோம். ஏனெனில் இவ்வாறான சந்தர்ப்பங்களில் பெரும்பாலும் பழுதடைந்திருப்பது கணனியன்று. கணனியும் ரவுட்டரும் ஒன்றையொன்று புரிந்துகொள்ளவில்லை, அவ்வளவுதான்.

அது எவ்வாறு நிகழ்கின்றது என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்போம். வைஃபை என்று நாம் பொதுவாக அழைப்பது ஒரே தொழில்நுட்பமன்று. 802.11 என்ற தொடர் இலக்கத்தின் கீழ் 1997ஆம் ஆண்டு முதல் ஒன்றன்பின் ஒன்றாக வந்த தரநியமங்களின் குடும்பம் அது. 1999இல் பி, 2003இல் ஜி, 2009இல் என், 2013இல் ஏ.சி., 2021இல் ஏ.எக்ஸ் என ஆங்கில எழுத்துக்களால் அவை குறிக்கப்பட்டன. இறுதியான மூன்றும் இப்போது வைஃபை 4, வைஃபை 5, வைஃபை 6 என்ற எளிய பெயர்களில் விற்பனையாகின்றன. 2024இல் வைஃபை 7 சாதனங்களுக்கான சான்றளிப்பும் ஆரம்பமாகிவிட்டது. புதிய ரவுட்டர்கள் பழைய மொழிகளையும் பேசக்கூடியவாறே தயாரிக்கப்படுகின்றன என்பது முக்கியமானது. ஆயினும் பேசக்கூடியதாயிருப்பது வேறு, பேசுமாறு அமைக்கப்பட்டிருப்பது வேறு.

முதலில் பார்க்கவேண்டியது அலைவரிசையை. வைஃபை பெரும்பாலும் 2.4 கிகாஹேர்ட்ஸ், 5 கிகாஹேர்ட்ஸ் ஆகிய இரண்டு அலைவரிசைகளில் இயங்குகின்றது. பழைய மடிக்கணனிகளில், குறிப்பாக விலை குறைந்தவற்றில், முதலாவதை மட்டுமே கேட்கக்கூடிய வைஃபை அட்டைகளே பொருத்தப்பட்டிருந்தன. 5 கிகாஹேர்ட்ஸில் என்ன ஒலித்தாலும் அவற்றின் காதில் விழாது. புதிய ரவுட்டர்கள் பல இவ்விரண்டு அலைவரிசைகளுக்கும் ஒரே பெயரைச் சூட்டி, எந்தச் சாதனம் எதில் இணைய வேண்டும் என்பதைத் தாமே தீர்மானிக்கின்றன. புதிய கைத்தொலைபேசிகளுக்கு இது வசதியானது. பழைய கணனிகள் சில இதில் தடுமாறி, இணைவதும் அறுபடுவதுமாக அலைக்கழிகின்றன. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்குச் சென்று இரு அலைவரிசைகளுக்கும் வெவ்வேறு பெயர்களை இட்டு, 2.4 கிகாஹேர்ட்ஸின் பெயரில் பழைய கணனியை இணைத்துவிட்டால் பிணக்கு பல வேளைகளில் அத்துடன் தீர்ந்துவிடும். இந்த அலைவரிசை வேகத்தில் குறைந்ததாயினும் சீமெந்துச் சுவர்களை ஊடுருவுவதில் மற்றையதைவிடச் சிறந்தது என்பதால், பின்னறையில் இருந்து படிக்கும் பிள்ளைக்கு இதுவே பொருத்தமாகவும் அமையலாம்.

வெளிநாடுகளிலிருந்து பாவித்த கணனிகளைத் தருவிப்போர் இன்னொன்றையும் அறிந்திருத்தல் நன்று. 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசை சிறு தடங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. உலகின் பல நாடுகளில் 1 முதல் 13 வரையான தடங்கள் பாவனையில் உள்ளன. அமெரிக்கச் சந்தைக்கெனத் தயாரான சாதனங்களோ பொதுவாக 1 முதல் 11 வரையே கேட்கும். ரவுட்டர் தானாகவே 12ஆம் அல்லது 13ஆம் தடத்தைத் தெரிவுசெய்துவிட்டால், உறவினர் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து கொடுத்த மடிக்கணனிக்கு அந்த வலையமைப்பு இல்லாததாகவே தோன்றும். நேற்று இணைந்தது இன்று இணையவில்லை என்ற மாயத்துக்கும் சிலவேளை இதுவே காரணமாகின்றது. ரவுட்டரைத் தானியங்கித் தெரிவில் விடாது 1, 6, 11 ஆகிய தடங்களில் ஒன்றில் நிறுத்திவைப்பது இதற்கான பரிகாரம்.

அடுத்தது பூட்டுப் பற்றியது. பெயர் தென்பட்டும் கடவுச்சொல் ஏற்கப்படாதவிடத்து, கடவுச்சொல்லைப் பிழையாகத் தட்டச்சுச் செய்யவில்லையென்பதை உறுதிசெய்துகொண்டு இப்பக்கமே பார்க்க வேண்டும். வைஃபையின் முதற் பூட்டான டபிள்யூ.ஈ.பி. என்ற முறையின் அடிப்படைப் பலவீனத்தை 2001ஆம் ஆண்டில் ஃபுளூரர், மன்ரின், ஷமீர் ஆகிய ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினர். அதன்பின் அதனைத் திறப்பது சில நிமிட வேலையாயிற்று. 2003இல் டபிள்யூ.பி.ஏ. என்ற இடைக்காலப் பூட்டும், 2004இல் டபிள்யூ.பி.ஏ.2 என்ற உறுதியான பூட்டும் வந்தன. 2018இல் டபிள்யூ.பி.ஏ.3 அறிமுகமாகி, 2020 ஜூலை முதல் புதிதாகச் சான்றுபெறும் சாதனங்கள் அனைத்துக்கும் அது கட்டாயமாக்கப்பட்டது. ரவுட்டர் மூன்றாவதை மட்டுமே ஏற்குமாறு அமைக்கப்பட்டிருந்தால், இரண்டாவதை மட்டுமே அறிந்த கணனி வாசலில் நின்றுவிடுகின்றது. விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கூட 2019 மே மாதப் பதிப்பிலிருந்தே டபிள்யூ.பி.ஏ.3 இடம்பெற்றது. விண்டோஸ் எக்ஸ்.பி.யோ டபிள்யூ.பி.ஏ.2ஐ அறிந்துகொள்வதற்கே தனியான இற்றைப்படுத்தலை அல்லது 2008இல் வெளியான சேர்விஸ் பெக் 3ஐ எதிர்பார்த்து நிற்கவேண்டியிருந்தது.

இதற்குப் பரிகாரமாக ரவுட்டரில் டபிள்யூ.பி.ஏ.2, டபிள்யூ.பி.ஏ.3 ஆகிய இரண்டையும் ஏற்கும் கலப்பு நிலை உள்ளது. கலப்பு நிலையிலும் முரண்டுபிடிக்கும் பழைய கணனிகள் உண்டு. அப்போது டபிள்யூ.பி.ஏ.2ஐ மட்டும், அதுவும் ஏ.ஈ.எஸ். என்ற குறியாக்கத்துடன், தெரிவுசெய்யலாம். நீண்ட, ஊகிக்கமுடியாத கடவுச்சொல் இருக்குமாயின் ஒரு வீட்டுக்கு அது இன்றும் போதிய காப்பாகும். ஆனால் அதற்குக் கீழே இறங்குதல் ஆகாது. பழைய கணனி இணைந்தாற் போதுமென்று டபிள்யூ.ஈ.பி.க்கு மாற்றிவிடுவதும், பூட்டே இல்லாமல் திறந்துவிடுவதும், சில இடங்களில் உதவி என்ற பெயரிலேயே செய்யப்படுகின்றன. ஒரு கணனிக்காக வீட்டிலுள்ள அனைவரது கைத்தொலைபேசிகளையும் அயலிலுள்ள யாரும் எட்டக்கூடிய வலையமைப்பில் விடுகின்ற செயல் அது. இதனை நாம் வன்மையாகவே ஆட்சேபிக்கின்றோம்.

அலைவரிசையும் பூட்டும் பொருந்தியிருந்தும் பெயர் தென்படாத ஒரு விசித்திரமும் உண்டு. வைஃபை 6 ரவுட்டர்கள் சந்தைக்கு வந்தபோது, இன்டெல் நிறுவனத்தின் 7260, 3160, 7265 முதலிய இலக்கங்களையுடைய அட்டைகளைக் கொண்ட மடிக்கணனிகள் பலவற்றுக்கு அந்த வலையமைப்புகள் கண்ணில் படவேயில்லை. அட்டைகளில் குறையில்லை. அவற்றை இயக்கும் டிரைவர் என்ற சிறு மென்பொருளின் பழைய பதிப்புகள், ரவுட்டரின் புதிய அறிவித்தலைப் புரிந்துகொள்ளவில்லை. டிரைவரைப் புதுப்பித்ததும் சிக்கல் அகன்றது. புதுப்பிக்க இயலாதவர்கள், ரவுட்டரில் 2.4 கிகாஹேர்ட்ஸுக்குரிய ஏ.எக்ஸ் நிலையை மட்டும் நிறுத்தி, பி, ஜி, என் ஆகியவற்றை விட்டுவைக்கலாம். டிரைவரைப் பதிவிறக்குவதற்கே இணையம் வேண்டுமே என்று திகைப்போருக்கு ஒரு வழி சொல்வோம். வைஃபையில் இணைந்துள்ள அன்ட்ரொயிட் கைத்தொலைபேசியை யூ.எஸ்.பி. வயரால் கணனியுடன் தொடுத்து, இணைப்பைப் பகிரும் வசதியை இயக்கினால் கணனிக்குத் தற்காலிக இணையம் கிடைத்துவிடும்.

இம்மாற்றங்களையெல்லாம் எங்கே செய்வது? ரவுட்டரின் அடிப்பாகத்தில் ஒட்டப்பட்டுள்ள சிட்டையில் 192.168.1.1 போன்றதொரு முகவரி அச்சிடப்பட்டிருக்கும். இணைய உலாவியில் அதனைத் தட்டச்சுச் செய்தால் அமைப்புப் பக்கம் திறக்கும். அதற்குரிய கடவுச்சொல் வேறு, வைஃபை கடவுச்சொல் வேறு என்பதை அறியாது குழம்புவோர் அநேகர். மாற்றங்களைச் செய்யும்போது வயர் மூலம் இணைந்த கணனியிலிருந்து செய்தல் உத்தமம். இல்லையேல் இருக்கும் கிளையை வெட்டியவன் நிலை ஏற்படலாம். இங்கேதான் இணைப்பை வழங்கும் நிறுவனங்களின் கடமையும் வருகின்றது. அமைப்புப் பக்கத்தின் கடவுச்சொல்லைத் தெரிவிக்காமலே பொருத்துநர்கள் சென்றுவிடுவதும், ரவுட்டருடன் வரும் சிறு நூலில் ஆங்கிலமும் வேறு அந்நிய மொழிகளும் மட்டுமே இருப்பதும் சாதாரணமாகிவிட்டன. தமிழிலும் சிங்களத்திலும் இரண்டு பக்கத் துண்டுப்பிரசுரமொன்றை அச்சிடுவது இந்நிறுவனங்களுக்குப் பெருஞ்செலவாகாது. பொருத்திய அன்றே வீட்டிலுள்ள ஒவ்வொரு கணனியையும் இணைத்துப் பார்த்த பின்னரே கையொப்பம் பெறவேண்டும் என்ற ஒழுங்கையும் அவை மேற்கொள்ளலாம். மாதாந்தக் கட்டணத்தைச் செலுத்துகின்ற பாவனையாளர் இதனைக் கேட்டுப்பெற உரிமையுடையவர்.

எதுவும் கைகூடாதவிடத்து வயர் இருக்கின்றது. இன்றைய ரவுட்டர்களின் பின்புறத்திலுள்ள ஈதர்நெற் துளை, இருபது வருடத்துக்கு முந்திய கணனியிலுள்ள துளையுடனும் பொருந்தும். இரு முனைகளும் தமக்குப் பொதுவான வேகமொன்றைத் தாமே பேசி உடன்பட்டுக்கொள்ளும். அலைவரிசையும் இல்லை, பூட்டும் இல்லை. பழைய கணனிகளின் 100 மெகாபிற் வேகம் ஒளிப்படப் பாடங்களுக்குத் தாராளமாகப் போதும். வயர் இழுக்க வசதியில்லாதோர் யூ.எஸ்.பி. துளையில் செருகும் சிறிய வைஃபை அடப்டரை வாங்கலாம். புதிய கணனியுடன் ஒப்பிடுகையில் அதன் விலை மிகச் சொற்பம். தமது இயங்குதளத்துக்கு உகந்த டிரைவர் அதற்கு உண்டா என்பதைப் பணம் கொடுக்கும் முன்னரே கடைக்காரரிடம் கேட்டறிதல் வேண்டும்.

இணைந்துவிட்டது, ஆனால் இணையத்தளங்கள் திறப்பதில்லை என்ற முறைப்பாடு வேறு வகையானது. அதற்கு ரவுட்டர் பொறுப்பல்ல. முதலில் கணனியின் திகதியைப் பாருங்கள். தாய்ப்பலகையிலுள்ள நாணயம் போன்ற பற்றரி செயலிழந்தால் கடிகாரம் பல வருடங்கள் பின்னே சென்றுவிடும். பாதுகாப்புச் சான்றிதழ்களின் காலத்தைத் திகதியோடு ஒப்பிட்டே உலாவி ஏற்பதால், பிழையான திகதியில் எந்தத் தளமும் திறக்காது. பற்றரியை மாற்றித் திகதியைத் திருத்தினாற் போதும். திகதி சரியாயிருந்தும் திறக்காதவிடத்து, கணனியிலுள்ள மூலச் சான்றிதழ்கள் காலாவதியாகியிருக்கலாம். பெருந்தொகையான இணையத்தளங்கள் நம்பியிருந்த அத்தகைய சான்றிதழொன்று 2021 செப்டெம்பர் 30ஆம் திகதி காலாவதியானபோது, உலகெங்கும் பழைய கணனிகளும் கைத்தொலைபேசிகளும் திடீரென ஊமையாயின. விண்டோஸ் எக்ஸ்.பி.யுடன் வந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் உலாவியோ இன்றைய தளங்கள் வேண்டும் குறியாக்க முறையையே அறியாதது. அதனை வைஃபையில் இணைத்துப் பயனில்லை. அக்கணனியில் எடை குறைந்த லினக்ஸ் இயங்குதளமொன்றை நிறுவ முடியுமாயின் அது இன்னும் சில வருடம் உழைக்கும். நினைவகம் அதற்கும் போதாதென்றால் தட்டச்சுக்கும் ஆவணங்களுக்கும் அதனை வைத்துக்கொள்ளலாம்.

இணைப்பும் பாதுகாப்பும் ஒன்றல்ல என்பதையும் கூறவேண்டும். விண்டோஸ் எக்ஸ்.பி.க்கான ஆதரவு 2014 ஏப்ரலிலும், விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபரிலும் முடிவுற்றன. ஆதரவற்ற இயங்குதளத்தில் வங்கிக் கணக்கைத் திறப்பதைத் தவிர்த்து, அதனைப் படிப்புக்கும் வாசிப்புக்கும் ஒதுக்குவதே முறை. அத்தகைய கணனியை ரவுட்டரின் விருந்தினர் வலையமைப்பில் இணைத்தால், அதற்கு இணையம் கிடைக்கும். வீட்டின் ஏனைய சாதனங்களை அது எட்டாது.

பாடசாலைகளின் கணனி அறைகளுக்கு மேற்கூறிய அனைத்தும் பொருந்துமாயினும், அங்கே வைஃபை அமைப்புகளுடன் மல்லுக்கட்டுவது வீண்வேலை. பதினைந்து பழைய மேசைக்கணனிகள் ஒரே அறையில் இருக்குமிடத்து, அவற்றில் மிக மெதுவான ஒன்று பேசி முடியும்வரை ஏனையவை வானலையில் காத்திருக்கவேண்டியிருக்கும். அங்கே ஒரு சுவிட்ச்சும் போதிய வயரும் வாங்கி, ரவுட்டரிலிருந்து ஒரே இழுவையில் இணைத்துவிடலாம். ஓர் இழுவை 100 மீற்றரைத் தாண்டாதிருத்தல் வேண்டும் என்பதே நிபந்தனை. வயர்களின் முனைகளைப் பொருத்தும் வேலையை உயர்தர மாணவர்களே ஒரு பிற்பகலில் கற்றுக்கொள்வர்.