395-ஐத் தாண்டாத எண்

இந்திய அரசியலமைப்புச் சட்டத்தை இதுவரை 100 தடவைக்கு மேல் திருத்தியாகிவிட்டது. பஞ்சாயத்து, கல்வி, கூட்டுறவு என்று புதுப்புதுப் பிரிவுகள் நடுவில் வந்து அமர்ந்துவிட்டன. ஆனால் கடைசிப் பிரிவின் எண் 1950-இல் 395, இன்றும் 395தான்.

திருத்தச் சட்டம் ஒன்றை எடுத்துப் படித்தால் முதலில் ஏமாற்றமாக இருக்கும். அதில் முழு வாக்கியத்தைக் காண்பதே அபூர்வம், கட்டளைகள்தான் இருக்கும். இன்ன பிரிவுக்குப் பின் இதைச் சேர், இன்ன சொற்களை நீக்கு, இதற்குப் பதில் அதை வை. தனியாகப் படித்தால் தலையும் புரியாது, வாலும் புரியாது. மூலச் சட்டத்தில் அந்த மாற்றம் ஏறியதும் அதன் வேலை முடிந்தது. சாதாரண மத்தியச் சட்டங்களைத் திருத்திய பழைய சட்டங்களை நாடாளுமன்றம் அவ்வப்போது மொத்தமாக ரத்து செய்துவிடுகிறது. ஆனாலும் அவை செய்த மாற்றம் அழியாது. அப்படி அழியக்கூடாது என்பதற்கென்றே 1897-ஆம் ஆண்டின் பொதுப் பிரிவுகள் சட்டத்தில் 6ஏ என்று ஒரு விதி இருக்கிறது.

அந்த 'ஏ'யில்தான் சூட்சுமம். கல்வி உரிமையை 21-க்கும் 22-க்கும் நடுவே நுழைக்க வேண்டியிருந்தது. 22-ஐ 23 ஆக்கி, பின்னால் உள்ளவற்றையும் நகர்த்தினால் என்ன ஆகும்? பழைய தீர்ப்புகளும் அரசாணைகளும் பிற சட்டங்களும் சுட்டும் எண்ணெல்லாம் தப்பாகிவிடும். 'பழைய எண், புதிய எண்' என்று இரண்டையும் போட்டு முகவரி எழுதும் சென்னைவாசிக்கு இந்தத் தொல்லையை விளக்க வேண்டியதில்லை. எனவே 21ஏ பிறந்தது. பிரிவு 243-இலோ ஆங்கில எழுத்துகளே தீர்ந்துபோய், இசட்டுக்கு அடுத்து இசட்ஏ, இசட்பி என்று இசட்டி வரை போயிற்று. நீக்கினாலும் எண் பெரும்பாலும் வேறு யாருக்கும் போகாது. சொத்துரிமை பேசிய பிரிவு 31-ஐ 1978-இன் 44-ஆவது திருத்தம் எடுத்துவிட்டது. அதையொட்டி வந்த 31ஏ, 31பி இன்னும் இருக்கின்றன!

முதல் திருத்தம் வந்தது 1951 ஜூனில், அரசியலமைப்புக்கு ஒன்றரை வயதுகூட நிரம்பாதபோது. அதற்குக் காரணமான வழக்குகளில் இரண்டு சென்னை மாநிலத்தினுடையவை. ஒன்று, 'கிராஸ் ரோட்ஸ்' இதழுக்கு அரசு விதித்த தடை. மற்றது, கல்லூரி இடங்களைச் சமூகவாரியாகப் பங்கிட்ட வகுப்புவாரி அரசாணை. உச்ச நீதிமன்றம் இரண்டையும் செல்லாது என்றது. அரசாணை வழக்குக்குப் பதிலாகப் பிறந்ததுதான் பிற்படுத்தப்பட்டோருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய இடம் தரும் 15(4). இதழ் வழக்குக்குப் பின் பேச்சுரிமைக்கு வரம்பு போடும் காரணங்கள் கூடின. ஆனால் அந்த வரம்பு 'நியாயமான'தாக இருக்க வேண்டும் என்ற ஒரு சொல்லும் கூடவே நுழைந்தது. கெடுபிடியை அதிகமாக்கிய அதே திருத்தம், அதை எடைபோடும் தராசை நீதிபதி கையில் கொடுத்தது என்பேன். இன்னொரு விந்தை: பேச்சுரிமைக்கு வரம்பு போடும் அந்த உட்பிரிவு தொடக்கத்திலிருந்தே இப்படித்தான் இருந்ததாகக் கொள்ள வேண்டும் என்றும் எழுதிவிட்டார்கள்.

காலம் பின்னோக்கி ஓடுவதுபோல, ஓடாமல் நிற்பதும் உண்டு. நாடாளுமன்றம் நிறைவேற்றி, குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்தாலே திருத்தம் அமலாகிவிடும் என்றில்லை. அமலாகும் தேதியை அரசு பின்னர் அறிவிக்கலாம் என்று திருத்தமே சொல்லியிருந்தால், அறிவிப்பு வரும்வரை அது உறக்கத்தில்தான். 2002-இல் நிறைவேறிய 21ஏ கண் விழித்தது 2010 ஏப்ரல் 1-இல்.

சில கண் விழிப்பதே இல்லை. குண்டர் சட்டம் போன்றவற்றின் கீழ் தடுப்புக் காவலில் வைக்கப்படுபவரை, ஆலோசனைக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் 3 மாதத்துக்கு மேல் வைத்திருக்க முடியாது என்கிறது பிரிவு 22. அதை 2 மாதமாகக் குறைக்க 44-ஆவது திருத்தத்திலேயே வழி செய்தார்கள். அந்தப் பகுதிக்கு மட்டும் எந்த அரசும் தேதி குறிக்கவில்லை. தேதி குறிக்கும்படி அரசுக்கு உத்தரவிட முடியாது என்று 1981-இல் உச்ச நீதிமன்றமும் கைவிரித்துவிட்டது. அதனால் 1978-இல் நிறைவேறிய 2 மாதம் இன்னும் அடிக்குறிப்பில்தான் இருக்கிறது. சட்டத்தில் நடப்பது 3 மாதம்.