ஆற்றுச் சீட்டில் வளர்ந்த அரசகுலம்

சீனாவில் ஹான் பேரரசைக் கி.மு. 202இல் நிறுவிய லியூ பாங், முதலில் ஒரு சிறு வட்டாரத்தின் காவல் அலுவலராக இருந்தவர். அரண்மனையில் பிறக்காத அவருடைய குலம் ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் அந்நாட்டை ஆண்டது. அதிகாரி வீடு அரசர் வீடான கதை, நாம் பால் வெட்டி வாழ்ந்த ஜொகூர் மண்ணிலும் உண்டு. அந்தக் கதைக்குக் காடழித்து உழைத்தவர்கள் சீனத் தொழிலாளர்கள்.

1511இல் போர்த்துகீசியர் மலாக்காவைப் பிடித்தார்கள். மலாக்கா சுல்தானின் மகன் அலாவுதீன், 1528ஆம் ஆண்டளவில் ஜொகூரில் புதிய அரசை அமைத்தார். அந்த நேர்வழி 1699இல் கோத்தா திங்கியில் அறுந்தது. ஒரு பலாச்சுளைக்காகக் கர்ப்பிணி ஒருத்தியைச் சுல்தான் மாமூட் கொல்லச் செய்தார் என்றும், அவள் கணவன் பல்லக்கில் சென்ற சுல்தானைக் குத்திக் கொன்றான் என்றும் மலாய் மக்கள் வழிவழியாகச் சொல்கிறார்கள். வாரிசற்ற அரியணையில் முதலமைச்சரான பெண்டஹாரா அமர்ந்தார். அவர் வழியில் வந்த ஒரு கிளையே தெமெங்கோங் குடும்பம். காவலையும் துறைமுகத்தையும் கவனிப்பது தெமெங்கோங்கின் வேலை.

1841இல் தெமெங்கோங் ஆன டாயிங் இப்ராகிமின் கைக்கு முதலில் வந்த செல்வம், நமக்குப் பழக்கமான மரப்பால்தான். ஆனால் ரப்பர் அன்று, கெத்தா பெர்ச்சா. பின்னாளில் கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையானது அந்தப் பால். நாம் செய்வதுபோல் பட்டையைக் கீறிப் பால் எடுக்கவில்லை. மரத்தையே வெட்டிச் சாய்த்தார்கள். அந்தச் செல்வம் எப்படி நிலைக்கும்?

அடுத்து அவர் செய்த ஏற்பாடே பெரிது. சிங்கப்பூரில் மிளகும் கம்பிரும் பயிரிட்ட சீனரை ஜொகூருக்கு வரவழைத்தார். பெரும்பாலோர் தியோச்சியூ மக்கள். 1844 முதல் ஆறுகளுக்குச் ‘சூராட் சுங்கை’, அதாவது ஆற்றுச் சீட்டு, எழுதிக் கொடுத்தார். சீட்டைப் பெற்றவர் ‘கங்சு’, ஆற்றுத்துறையின் தலைவர். கம்பிர் என்பது, நம் பாட்டிமார் வெற்றிலையோடு மென்ற காசுக்கட்டியைப் போன்றது. இலையைக் கொப்பரையில் காய்ச்சி எடுப்பார்கள். தோல் பதனிட ஐரோப்பாவில் அதற்கு நல்ல கிராக்கி. காய்ச்ச விறகு வேண்டும்; விறகுக்குக் காடு அழியும்; பதினைந்து இருபது ஆண்டில் மண்ணும் களைத்துவிடும். பிறகு அடுத்த ஆற்றைத் தேடிப் போகவேண்டும்.

கங்சு என்றதும் நமக்குப் பழைய கங்காணி நினைவுக்கு வரலாம். ஆனால் கங்சுவின் கை அதைவிட ஓங்கியது. சூதாட்டம், அடகு, சாராயம், அபின் ஆகியவற்றின் உரிமையும் அவரிடமே இருந்தது. கூலியாள் காலையில் ஈட்டிய காசு மாலையில் அவர் கடைக்கே திரும்பியது. அரசின் கருவூலத்தையும் அபின் குத்தகையே பெரிதும் நிரப்பியது. கள்ளுக்கடைக் கடனில் மூழ்கிய குடும்பங்களைக் கண்ட நமக்கு இது புரியாததன்று. அரசகுலத்தின் ஏற்றத்தைப் பாடுவோர் இந்தப் பக்கத்தை மட்டும் விரைந்து புரட்டிவிடுகிறார்கள்.

பணம் வந்தபின் பட்டமும் வந்தது. 1855 ஒப்பந்தத்தில் சுல்தான் அலி, ‘சுல்தான்’ என்ற பெயரையும் கேசாங் பகுதியையும் வைத்துக்கொண்டு, 5,000 வெள்ளியும் மாதம் 500 வெள்ளியும் பெற இசைந்தார். ஜொகூரின் ஆட்சி இப்ராகிமுக்குப் போயிற்று. 1862இல் பதவிக்கு வந்த அவர் மகன் அபு பக்கார் மிகக் கெட்டிக்காரர். ஆங்கிலம் அறிந்தவர், விக்டோரியா மகாராணியைச் சந்தித்தவர். 1866இல் தாஞ்சோங் புத்ரிக்கு ஜொகூர் பாரு என்று பெயரிட்டார். 1868இல் மகாராஜா ஆனார். 1885இல் அவரைச் சுல்தானாகப் பிரிட்டன் ஏற்றது. 1895இல் அரசியலமைப்புச் சட்டம் தந்து, அதே ஆண்டில் லண்டனில் காலமானார்.

அவர் மகன் சுல்தான் இப்ராகிம் 1959 வரை ஆண்டார். பிரிட்டிஷ் ஆலோசகரை ஜொகூர் 1914இல் ஏற்றது. அவர் காலத்தில் இரயில் பாதை வந்தது, ரப்பர் பரவியது, நம் முன்னோர் கப்பலேறி வந்தனர். 1917இல் கங்சு முறை ஒழிந்தது. அவருக்குப்பின் இஸ்மாயில், 1981இல் இஸ்கந்தர், 2010இல் இப்ராகிம் இஸ்மாயில் என்று மகன்மார் தொடர்ந்தனர். இப்ராகிம் 2024 ஜனவரி 31ஆம் நாள் மாமன்னராகப் பதவியேற்றார்.

கங்சுகளுக்கு அரண்மனை இல்லை. காங்கார் பூலாய், காங்கார் தெப்ராவ் என்னும் ஊர்ப்பெயர்களில் வரும் ‘காங்கார்’, அவர்களுடைய ஆற்றுத்துறைக் குடியிருப்புகளைக் குறித்த சொல்.